இடப்பக்கம் ஓடும் குதிரை

25-11-82, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடுபனி. நேற்றுத் துவைத்த துணி இன்றும் காயவில்லை. மதியம் கொஞ்சம் வெளிச்சம், பிறகு அதுவும் போயிற்று.

கிராம சேவிகாவுக்கு இன்று கள நாள், ஆபீஸ் இல்லை. மேல்கொட்டாய் பால்வாடியில் சத்துமாவு முழுக்க வண்டு. சல்லடை கேட்டு மறுபடியும் கணியம்பாடிக்கு எழுத வேண்டும். பி.டி.ஓ. மறுபடியும் சிரிப்பார்.

வேலூர் பஸ் டிரைவர் ரேஸ் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை பெங்களூரில் ஓடப்போகும் குதிரைகளின் பட்டியல். வியாழன் வந்தால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. நான் பெயர்களை வாசிப்பேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு கைத்தடியோடு வீட்டுக்குப் பின்னால் கிளம்பிவிடுவார்.

ஜாக்கிகள் ரேஸுக்கு முன்பு ஓடுபாதையைக் காலால் நடந்து பார்ப்பது வழக்கம். மண் எங்கே இளக்கம், எங்கே சறுக்கும் என்று. இவர் சவாரியை விட்டு எத்தனையோ வருஷம், அந்த நடையை மட்டும் விடவில்லை. பின்னால் சாமைக் கொல்லைகள். காட்டுப்பன்றி வராமலிருக்க முழங்கால் உயரத்துக்குக் கல்கட்டு, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று. அவற்றைத் தாண்டி, மொட்டைப் பாறையைச் சுற்றி வந்தால் இவர் கணக்கில் ஒரு ரேஸ். ஒவ்வொரு கட்டிலும் நின்று காது கொடுப்பார். எது முன்னால் போகிறது, எதற்கு மூச்சு வாங்குகிறது. வந்து சொல்வார், நான் எழுதுவேன். வேலூரில் பாஷா பாய் அச்சடிக்கும் வாரத்தாளில் 'லகான்' என்ற பெயரில் வரும்.

பெங்களூரில் ஓடுவது சமதரை ஓட்டம், தடையே கிடையாது. இவர் ஓட்டியதெல்லாம் தடை தாண்டும் ஓட்டம். அதுவும் இதுவும் ஒன்றா என்று ஒருமுறை கேட்டேன். "தட இல்லாம ஒரு குதிரய எப்டித் தெரிஞ்சிக்கிறது சரசு? சமதரையில எல்லாமே நல்ல குதிரதான்."

இன்று திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மூணாவது ரேஸ்ல எத்தன குதிர சொன்ன?"

"ஏழு."

"நல்லா பாரு."

பார்த்தேன். ஏழுதான்.

"எட்டு சத்தம் வந்துது. கடைசியா ஒன்னு, ரெண்டு குதிர நீளம் பின்னால." கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். "எழுதிக்க. சிட்டகாங்."

கார்டில் அப்படிப் பெயர் இல்லை என்றேன். வுட்டுப் போயிருக்கும் என்றார். கார்டில் பிழை வருவது சகஜம். எழுதிவிட்டேன். மாலை பஸ்ஸில் தாளை அனுப்பியாயிற்று.

மண்ணெண்ணெய் தீரப்போகிறது.

28-11, ஞாயிறு

தூறல். பாஷா பாய் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஆட்டுக்கறி, வாயில் சிரிப்பு. 'லகான்' சொன்னவற்றில் முக்கால்வாசி வந்துவிட்டதாம். போன வாரமும் அப்படித்தான்.

"மேடம், வேலூர் டீக்கடைல ஜாக்கி சார் பேரச் சொன்னா எனுக்கு டீ ஃப்ரீ! ஆனா ஒன்னு. அந்த எட்டாவது குதிர இன்னா குதிர? ஒர்த்தன் பெங்களூர் வரைக்கும் போய், சிட்டகாங் மேல பணம் கட்டணும்னு டிக்கெட் ஜன்னல்ல சண்ட போட்டுக்கிறான். அப்டி ஒரு குதிரையே இல்லன்னுட்டாங்க. வந்து என் சட்டயப் புடிக்கிறான்."

இவர் சிரிக்கவில்லை. "நீ அச்சடிச்சிட்டியா பாய்?"

"இன்னா சார், நீங்க சொன்னா அச்சடிக்காம? மேடம் கையெழுத்து வேற முத்து முத்தா கீது."

அப்புறம் பெரிய சேதி. பெங்களூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இவரைக் கேட்கிறார்களாம். சீசன் முழுக்க வாரா வாரம் மைதானத்துக்கு வந்து, ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் குதிரைகளைப் பார்த்து, மைக்கில் தமிழில் பேச வேண்டும். அடுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை முதல் பேச்சு. சரிப்பட்டால் நிரந்தரம்.

இவர் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் போன மாதிரி. "படிக்கட்டு ஏறணுமா பாய்?" என்றார்.

"நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க சார். ராஜா மாரி."

இவர் இடுப்பில் இரும்புத் தகடு. வேலூர் எலும்பு டாக்டர் போன வருஷம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை விழுந்தால் பிறகு நடை இல்லை. படுக்கைதான். அதனால்தான் படிக்கட்டைப் பற்றிக் கேட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் அதைக் கேட்டது மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

கறி வேகவே இல்லை. கிழட்டு ஆடு.

30-11, செவ்வாய்

பனி. தலைவலி.

காலையிலேயே சின்னப்பொண்ணு வாசலில். பின்பக்கத்து சாமைக் கொல்லை அவளுடையது. இடுப்பில் கை.

"சேவிகாம்மா, நேராவே கேக்கறேன். உன் வூட்டுக்காரு குதிர வாங்கிகீறாரா?"

"குதிரையா?"

"என் சாமைய மிதிச்சிகீது. வாங்கினா வாங்கினேன்னு சொல்லு. கட்டிப் போட்டு வளங்க. நான் ஒன்னும் பொறாமப்படமாட்டேன்."

போய்ப் பார்த்தேன். அறுவடைக்கு நிற்கும் சாமை, ஒரு கோடு போலச் சாய்ந்து கிடக்கிறது. நேராகக் கல்கட்டு வரைக்கும். கட்டின் இந்தப் பக்கம் குளம்புத் தடம் லேசாக. அந்தப் பக்கம் ஆழமாக, முன்னங்கால் இரண்டும் சேர்ந்து. நடுவில் கட்டின் மேல் ஒரு கல்கூட அசையவில்லை.

புளிக் காலத்தில் அமிர்தியிலிருந்து மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றி வருபவர்கள் உண்டு. அவிழ்த்துக்கொண்டு ஏதாவது வந்திருக்கும் என்றேன். "இப்ப ஏதும்மா புளி?" என்றாள் சி.பொ. அதுவும் சரிதான்.

இவரைக் கூட்டி வந்தேன். குனிய முடியாதவர், கைத்தடியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மண்டி போட்டார். தடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "லாடம் அடிச்ச காலு. மட்டம் இல்ல இது. பெரிய குதிர." பிறகு என்னை மட்டும் பார்த்து, "தாண்டி எறங்கின காலு" என்றார்.

சி.பொ. போன பிறகு இவர் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தானாகவே சொன்னார். இத்தனை வருஷத்தில் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான், முழுசாகச் சொன்னது இன்றுதான்.

கண்ணமங்கலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர் பிள்ளை. சிறு வயதில் பெங்களூர் லாயத்தில் சேர்ந்தார். நல்ல கை, ஆனால் எலும்பு வளர்ந்து எடை ஏறிவிட்டது. சமதரை ஓட்டத்துக்கு எடை ஆகாது. கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், தடை தாண்ட. அதில் கொஞ்சம் எடை இருந்தால் பரவாயில்லை, பயம்தான் இருக்கக் கூடாது. குளிர்காலம் முழுக்க அங்கே, மழைக்காலத்தில் ஊருக்கு. காரை எலும்பு எத்தனை முறை உடைந்தது என்பது இவருக்கே தெரியாது. நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன், கல்யாணமான புதிதில். தூரத்தில் வண்ணச் சட்டைகள் ஏறி ஏறி இறங்கின. எது இவர் என்று எனக்குத் தெரியவேயில்லை.

இவருடைய கடைசி ரேஸ் நடந்தபோது நான் வேலூரில் பயிற்சியில் இருந்தேன். அதில் சிட்டகாங் வேறொருவர் ஓட்டிய குதிரை. முதல் தடையிலேயே அவர் விழுந்துவிட்டார். குதிரை நிற்கவில்லை.

"ஆள் உழுந்தாலும் அது நிக்காது சரசு. கூட்டத்தோடவே ஓடும். தட வந்தா தாண்டும். அதுக்கு ரேஸ் முடியல. மேல ஆளு இல்லாததுனால எங்கப் போவணும்னு தெரியாது, பக்கத்துல இருக்கிறவன ஒட்டிக்கும். என் எடது பக்கமா வந்து ஒட்டிக்கிச்சி. தடைக்குத் தட என்கூடவே தாண்டுது. கடைசித் தடைல குறுக்கால வந்துது."

இவருக்கு இடுப்பு உடைந்தது. அதற்குக் கால். மைதானத்திலேயே தார்ப்பாய் கட்டி மறைத்துச் சுட்டார்களாம். இவர் தரையில் கிடந்து சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்.

அப்புறம் படுக்கையில் வருஷக் கணக்கு. அங்கேதான் கார்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கம். பாஷா பாய் வந்து, "சார், இத எழுதினா ஜனம் படிக்கும்" என்று சொன்னதும் அப்போதுதான். இவர் படித்தது மூன்றாம் வகுப்பு. குதிரை இவருடையது, வாக்கியம் என்னுடையது. 'லகான்' யார் என்று யாராவது கேட்டால் எனக்கு நிஜமாகவே பதில் தெரியாது.

2-12, வியாழன்

க.பாடியில் மாதக் கூட்டம். எல்லோரும் தூங்கினார்கள். சல்லடை இல்லை.

சீக்கிரம் திரும்பிவிட்டேன். கார்டு வந்திருந்தது. இன்றைக்குப் போகவேண்டாம், மழைச் சகதி என்றேன். "போவாம இன்னா சொல்லுவேன்?" என்று போய்விட்டார்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டு சரி. இரண்டாம் கட்டில் காலைத் தூக்கியவர் சட்டென்று இடப்பக்கம் திரும்பினார், யாரோ தோளில் இடித்த மாதிரி. கைத்தடி போய்விட்டது. கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டதால் விழவில்லை. நான் ஓடிப் போனேன். என் காதில் ஒன்றும் கேட்கவில்லை. வாசனை மட்டும். ஈரச் சாக்கும் வியர்வையும் கலந்த மாதிரி.

"பாதி நீளம்தான் பின்னால" என்றார். "போன வாரம் ரெண்டு நீளம்."

இவர் சொல்லி முடித்த பெயர்களை எழுதினேன். அந்தப் பெயரை எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் கட்டுக்கு இன்று போகவில்லை. பாதி ரேஸ் பார்த்து எழுதியது, எத்தனை சரியாக வரும் என்று தெரியாது.

5-12, ஞாயிறு

வெயில்! துணி காய்ந்தது. மெத்தையையும் வெளியே போட்டேன்.

பாஷா பாய் வரவில்லை. பஸ் டிரைவர் மூலம் ஒரு வரி: 'நேற்று ஒன்றும் சரியில்லை. பெங்களூர்க்காரங்க அடுத்த வாரம் பார்ப்பாங்க. சார் தெம்பா இருக்கணும்.' அதாவது இந்த வியாழன் மூன்று கட்டும் தாண்டியாக வேண்டும். தாண்டினால் விழுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. தாண்டாவிட்டால் மைக் இல்லை. படுக்கையிலிருந்து எழுந்து வந்ததிலிருந்து இவர் எதையும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "பெரியோர்களே" என்று ஆரம்பித்து, நான் பார்ப்பது தெரிந்ததும் சீப்பைத் தேடுவதுபோல் நடித்தார்.

கேட்டேன்: ஆள் இல்லாத குதிரை பக்கத்தில் வந்து ஒட்டினால் ஜாக்கி என்ன செய்வான்?

"ஒன்னும் பண்ண முடியாது. சாட்டையால தட்டுவான், கத்துவான். கூட ஓட்டறவன் எவனாச்சும் நல்லவனா இருந்தா அவன் குதிரய நடுவுல கொண்டாந்து குடுப்பான். ரெண்டுக்கும் நடுவுல. அப்ப அது அவனண்ட ஒட்டிக்கும், நீ தப்பிச்சிப்ப."

"அன்றைக்கு யாரும் வரவில்லையா?"

"கடைசித் தடைல எவன் வருவான் சரசு. அவனவன் ஜெயிக்கப் பாப்பான்."

சாயங்காலம் சி.பொ. மறுபடியும். இந்தத் தடவை சண்டைக்கு இல்லை, பூசணிக்காயோடு வந்தாள். கொல்லையில் இன்னொரு கோடு விழுந்திருக்கிறதாம். அவள் புருஷன் ஒரு நாள் முழுக்க மொட்டைப் பாறைமேல் உட்கார்ந்து பார்த்தும் ஒன்றும் வரவில்லையாம்.

"ஆடு மாடு மேச்சல்லேர்ந்து திரும்பறப்ப சிலப்போ நம்புளுது இல்லாதது ஒன்னு கூட சேந்து வரும் சேவிகாம்மா. யாருதுன்னு தெரியாது. அத அடிக்கக் கூடாது, கட்டவும் கூடாது."

"அப்புறம்?"

"வெளிப்பக்கமா ஒர்த்தர் கூட நடக்கணும். பேசக் கூடாது, தொடக் கூடாது. அப்டியே ஊர் எல்லக் கல்லு வரைக்கும் தள்ளினு போய் வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும். எங்க மாமியா ரெண்டு வாட்டி வுட்டுகினு வந்துகீது."

"குதிரையையா?"

"குதிரைய எங்கம்மா நாங்க கண்டோம்! எரும. குதிரைக்கும் அதான், எரும மாரி நாலு காலு தான?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நான் படித்த படிப்புக்கு இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

பூசணியில் பாதியைச் சாம்பாருக்கு. மீதி கூட்டு.

7-12, செவ்வாய்

க.பாடியிலிருந்து கண்ணமங்கலம் பக்கம் மாதர் சங்கத்துக்கு ஜீப்பில். சோயா மாவில் இட்லி செய்து காட்டினேன். யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். இவர் பிறந்த தெருவழியாகத் திரும்பினோம். ஜட்கா வண்டி ஒன்றுகூட இல்லை. இறங்கிப் பார்க்கத் தோன்றியது, இறங்கவில்லை.

இவரிடம் சொன்னேன்: வியாழக்கிழமை நானும் நடக்கிறேன்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான்."

ராத்திரி இவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

9-12, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

மறுபடியும் பனி. எதிர்க் கொட்டாய் தெரியவில்லை. கார்டு மதியம் வந்தது. வாசித்தேன். முதல் ரேஸில் ஐந்து குதிரை.

கிளம்பினோம். நான் பின்னால். இவர் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். முதல் கட்டு தாண்டினோம். அதற்கப்புறம் எனக்கும் கேட்டது. காதில் இல்லை, உள்ளங்காலில். வண்டிப் பாலத்தில் நிற்கும்போது எதிரே பஸ் வந்தால் கேட்குமே, அப்படி.

இரண்டாம் கட்டு. இவர் முகம் வெளுத்துவிட்டது. "வந்துருச்சி, பக்கத்துல" என்றார். இடப்பக்கம் சாமை தானாகச் சாய்ந்தது. காற்றே இல்லை. சாய்ந்துகொண்டே எங்களோடு வந்தது.

சி.பொ. சொன்னது ஞாபகம் இருந்தது. வெளிப்பக்கமாகப் போக வேண்டும், பேசக் கூடாது, தொடக் கூடாது. ஞாபகம் இருந்தும் கால் அங்கே போகவில்லை. கடைசிக் கட்டு கண்ணெதிரே, இவர் கைத்தடியை ஊன்றிக் காலைத் தூக்குகிறார், எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு நடுவில் யாரும் வரவில்லை என்பதுதான். இவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன். இடத்தோள் முழுக்கச் சூடு. காதருகே ஈர மூச்சு. அது முட்டித் தள்ள வந்தது, நான் கையை நீட்டினேன்.

கையில் பட்டது. குட்டை மயிர், நனைந்து. அதன் அடியில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. 'போ போ' என்றேனா, 'வா' என்றேனா, நினைவில்லை. ஏதோ பேசினேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் கட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். விழவில்லை. கைத்தடி இந்தப் பக்கமே கிடக்கிறது.

"அஞ்சுதான்" என்றார். "அஞ்சு குதிரதான் சரசு! வேற ஒன்னும் இல்ல!" பாறையைச் சுற்றி வந்தார், கைத்தடி இல்லாமலேயே. வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் எல்லா ரேஸும் சொன்னார். என்னால் அந்த வேகத்தில் எழுத முடியவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இடக்கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

10-12, வெள்ளி

காலை பஸ்ஸில் இவர் கிளம்பினார். வேலூரில் பாஷா பாய் ஏறிக்கொள்வார், காட்பாடியிலிருந்து ரயில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகம். படியில் ஏறும்போது கண்டக்டர் கை கொடுத்தார், இவர் பிடிக்கவில்லை.

"பயமா கீதா?" என்று கேட்டேன். இவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொள்கிறது.

"எனுக்கு இல்ல" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

சும்மா அழுகை வந்தது. துவரம் பருப்பைப் புடைத்து வைத்தேன்.

11-12, சனி

நன்றாகத் தூங்கினேன். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் கல்லாக இருக்கிறது. முழங்காலின் உட்பக்கம் கன்றிச் சிவந்திருக்கிறது. நேற்று பஸ் நிறுத்தம் வரை நடந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

கிணற்றுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தபோது சுரீரென்றது. இரண்டு கையிலும் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் தோல் வழன்றிருக்கிறது. கிணற்றுக் கயிறு அங்கே படாது. வைத்துப் பார்த்தேன், படவில்லை.

சி.பொ. சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளை வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னா சேவிகாம்மா, காலை அகட்டினு நடக்கிற? வுட்டுட்டு வந்தியா அத?"

"வந்தேன்."

"எல்லக் கல்லு வரைக்கும் போனியா?"

"இல்லை. கடைசிக் கட்டோடு நின்னுட்டேன்."

"எந்தப் பக்கமா நடந்த? வெளிப்பக்கந்தான?"

"நடுவில். அவருக்கும் அதுக்கும் நடுவில்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

"பேசினியா?"

"ஏதோ சொன்னேன்."

"தொட்டியா?"

நான் இடக்கையை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

"அய்ய, இன்னாம்மா நீ, படிச்சவ! வெளிப்பக்கம் நடந்தா அது எல்லயத் தாண்டிப் போவும். நடுவுல நடந்து தொட்டுப் பேசினா நீதான் அதுக்கு ஆளுன்னு நெனச்சிக்கும். எங்க மாமியா கேட்டா வெளக்குமாத்தாலயே அடிக்கும்." அரிவாளை எடுத்துக்கொண்டு, "சரி வுடு. அறுத்து முடிக்கிற வரைக்கும் என் கொல்லைல ஓட்டாத" என்றாள்.

அதை அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது. விழித்தபோது தலைமுடியெல்லாம் அவிழ்ந்து, வாய் உலர்ந்து, நெஞ்சு படபடவென்று. புடவையில் ஒட்டுப்புல். பயந்திருக்க வேண்டும். காற்று முகத்தில் அடித்து முடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

12-12, ஞாயிறு

பாஷா பாய் மட்டும் வந்தார். இவரைப் பத்திரிகைக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்களாம், புதன்கிழமை வருவார். சீசன் முழுக்கப் பேச ஒப்பந்தம்! ஜிலேபிப் பொட்டலம் கொடுத்தார்.

"மேடம், நீங்க வந்து பாத்திருக்கணும். மைக்க புடிச்சாரு பாருங்க, மைதானமே கப்சிப். குதிர நடக்கிறதப் பாத்தே சொல்றாரு, இதுக்கு எடது தோள் புடிச்சிகீது, இது வெயில்ல நிக்காதுன்னு. ஒன்னு ரெண்டு தவிர எல்லாம் வந்துட்ச்சி."

"தடுமாறவே இல்லையா?"

"மூணாவது ரேஸ்ல மட்டும். குதிரங்க சுத்தி வருது, சார் பேசாம நிக்கிறாரு. நான் கீழேர்ந்து ஜாட காட்டறேன், பேசுங்க சார்னு. அப்பறம் சொல்றாரு: 'பெரியோர்களே, அது மேல இப்ப ஆள் ஏறிட்டாங்க. இனிமே அது குறுக்க வராது.' எதப் பத்தி சொன்னாருன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். ஜனம் கை தட்டுது!"

மூன்றாவது ரேஸ் எப்போது என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டி என்றார்.

ஜிலேபி நல்ல முறுகல். எடுக்க விரலை மடக்க முடியவில்லை.

15-12, புதன்

வெயில். தூரத்துக் காடு பச்சையாகத் தெரிகிறது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஜீப்பில் உட்கார முடியாது.

இவர் மதிய பஸ்ஸில் வந்தார். சட்டைக் கழுத்தில் மாலைச் சாயம் இன்னும் இருக்கிறது. ஒரே பேச்சு. மைக் எப்படி இரைகிறது, யார் யார் வந்து கையைப் பிடித்தார்கள், பழைய லாயத்தில் கூட இருந்தவர் ஒருவர் அழுதுவிட்டார். நான் காபி ஆற்றிக் கொடுத்தேன். தம்ளரை வாங்க வந்த கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

விரலைப் பிரித்துப் பார்த்தார். வழன்ற இடம், அதன்மேல் புதிதாக வழன்ற இடம். முழங்காலைக் காட்டச் சொன்னார், காட்டினேன். இவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை.

ஆமணக்கெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து தானே தேய்த்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான்தான் இவருக்குத் தேய்த்திருக்கிறேன்.

"இறுக்கிப் புடிக்கிற நீ" என்றார், என் கையைப் பார்த்துக்கொண்டே. "லகான அவ்ளோ இறுக்கக் கூடாது. தட கிட்ட வர்றப்ப கைய முன்னால வுட்டுக் குடுத்துடணும். அது கழுத்த நீட்டும். அப்ப நீ இழுத்தீன்னா ரெண்டு பேரும்தான் உழுவீங்க."

"நான் எதையும் பிடிக்கவில்லையே" என்றேன்.

"முட்டியால புடி, கையால புடிக்காத. கண்ணு தடையப் பாக்கக் கூடாது, அதுக்கு அந்தாண்ட பாக்கணும்."

இவ்வளவு நிதானமாக இவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. இது எப்போது நிற்கும் என்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சொல்ல வாயெடுத்தார்.

பின்பக்கமிருந்து சி.பொ. கத்துகிறாள். இதை எழுதும்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். "சேவிகாம்மா! அறுத்துக் குவிச்ச சாமையண்ட வந்து நிக்குது, சீக்கிரம் வந்து கூட்டினு போ!"

இவர் எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.